டி அண்ட் சி: ஒரே பெயரில் நடக்கும் பல வேலைகள்

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'டி அண்ட் சி' என்று எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'க்ளீன் பண்ணணுமாம்' என்று ஆகிவிடும். ஊர்ப்பக்கம் 'வயித்தைக் கழுவணும்' என்பார்கள். மூன்று பேச்சிலும் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது: எதற்காக? கரு கலைந்து உள்ளே தங்கிய மிச்சத்தை எடுப்பதற்கும் இதே பெயர்தான். மாதவிடாய் நின்று ஐந்து வருஷம் ஆன அம்மாவுக்குத் திடீரென்று ரத்தம் பட்டால், புற்றுநோயா என்று பார்க்கக் கொஞ்சம் சதை எடுப்பதற்கும் இதே பெயர்தான். முதலாவதில் கர்ப்பப்பையைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவதில் சோதனைக்கு மாதிரி கிடைத்தால் போதும். இரண்டுக்கும் கருவி வேறு, ஆபத்து வேறு, இன்றைக்கு இருக்கும் மாற்று வழிகளும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பல பெண்கள் தேவையில்லாத பயத்தோடும், சிலர் தேவையே இல்லாத டி அண்ட் சி-யோடும் வீடு திரும்புகிறார்கள்.

டி என்பது டைலட்டேஷன். லத்தீனில் 'லாட்டுஸ்' என்றால் அகலம். அதிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு விரித்தல் என்று பொருள். விரிக்கப்படுவது கர்ப்பப்பை வாய். சி என்பது கியூரட்டேஜ். பிரெஞ்சில் 'க்யூரே' என்றால் துப்புரவு செய்வது, சுரண்டி எடுப்பது. அதற்கான கருவி 'க்யூரெட்'. ஆக, 'க்ளீன் பண்றது' என்ற நம்மூர்ப் பேச்சு மூலச் சொல்லுக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லே தப்பான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது. கர்ப்பப்பையில் அழுக்குச் சேர்வதில்லை. மாதாமாதம் அது தன் உள்படலத்தைத் தானே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது.

இந்த இரண்டு எழுத்துக்கும் பின்னால் இரண்டு தனித்தனி வரலாறு இருக்கிறது. கியூரட்டை மகளிர் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் பாரிஸைச் சேர்ந்த ஜோசஃப் ரெகாமியே (1774–1852). நீண்ட கைப்பிடியின் நுனியில் சிறு கரண்டி மாதிரியான அமைப்பு. 1840களில் அதைக் கொண்டு கர்ப்பப்பைக்குள் வளர்ந்த சதைத் துணுக்குகளைச் சுரண்டி எடுத்தார். ஈதர் மயக்கம் பாஸ்டனில் முதன்முதலாகப் பலர் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது 1846-இல். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமிநீக்க முறை வெளியானது 1867-இல். அதாவது மயக்கமும் சுத்தமும் பழக்கத்துக்கு வராத காலத்தில் பிறந்த கருவி இது. கர்ப்பப்பைச் சுவரில் ஓட்டை விழுந்தாலோ சீழ் பிடித்தாலோ பிழைப்பது அரிது. அதனால் சக மருத்துவர்களே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

'டி' அதற்குப் பிறகு செம்மையானது. ஆரம்பத்தில் கர்ப்பப்பை வாயை விரிக்க லாமினேரியா என்ற கடற்பாசியின் உலர்ந்த தண்டை உள்ளே வைப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சி மணிக்கணக்கில் மெல்லப் பருக்கும். வாயும் கூடவே விரியும். முறை மென்மையானதுதான், ஆனால் அந்தக் காலத்தில் தண்டைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்ய வழியில்லாததால் தொற்று வந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் பேராசிரியராக இருந்த ஆல்ஃப்ரெட் ஹேகர் (1830–1914) படிப்படியாகத் தடிமன் கூடும் வழவழப்பான கம்பிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்றும் எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் 'ஹேகர்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அதன் எண்ணே அதன் விட்டம்: 6-ஆம் எண் ஹேகர் என்றால் 6 மில்லிமீட்டர்.

இதே தட்டில் இருக்கும் இன்னொரு கருவி சிம்ஸ் ஸ்பெக்குலம்; கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரியும்படி பிறப்புறுப்பை விரித்துப் பிடிப்பது. ஜே. மேரியன் சிம்ஸ் 1840களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் மீது மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் முறைகளை உருவாக்கினார். அவர்களில் மூவரின் பெயர்தான் நமக்குத் தெரியும்: அனார்கா, பெட்ஸி, லூசி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலை 2018-இல் அகற்றப்பட்டது. கருவிக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதைச் சொல்லும் இடத்தில் இந்த மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

மயக்கம் கொடுப்பதாக இருந்தால் 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். கால்களைத் தூக்கிப் பிடிமானத்தில் வைத்து, போவிடோன் அயோடின் கொண்டு துடைத்த பிறகு மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது, இரண்டு கையாலும் தொட்டுக் கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலோருக்கு முன்பக்கம் கவிழ்ந்திருக்கும். சிலருக்குப் பின்பக்கம் மடங்கியிருக்கும். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் கம்பி தப்பான திசையில் போகும். ஓட்டை விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிறகு ஸ்பெக்குலம் வைத்து, கர்ப்பப்பை வாயின் முன் உதட்டை வல்செல்லம் என்ற பல் வைத்த இடுக்கியால் பிடித்து லேசாக இழுப்பார்கள். மடங்கிய பாதையை நேராக்கத்தான் இந்த இழுப்பு. அடுத்தது 'யூட்ரைன் சவுண்ட்', சென்டிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பி. சாதாரணக் கர்ப்பப்பையில் வாயிலிருந்து மேல்சுவர்வரை 6 முதல் 8 செ.மீ. வரும். இந்த அளவை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் எந்தக் கருவியாவது இதைத் தாண்டித் தடையே இல்லாமல் உள்ளே போனால், அது சுவரைத் துளைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிஷமே கையை நிறுத்த வேண்டும். உறிஞ்சும் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் குடலை இழுத்துவிடும். மெல்லிய கம்பி போட்ட சின்ன ஓட்டை என்றால் பெரும்பாலும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்தபடி படுக்க வைத்தாலே போதும். கியூரட்டோ உறிஞ்சு குழாயோ துளைத்திருந்தால் லேப்ராஸ்கோப்பி வைத்து, அதாவது வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டு, உள்ளே பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு. மாதவிடாய் நின்றவர்கள், சமீபத்தில் பிரசவமானவர்கள், சிசேரியன் தழும்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

அதற்குப் பிறகுதான் ஹேகர். சிறிய எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். மாதிரி எடுக்க 7 அல்லது 8 எண் வரை போனால் போதும். எண்ணைத் தாவித் தாவி ஏற்றினால் கர்ப்பப்பை வாய் கிழியும். இறுக்கமான வாய் என்றால் சில மணி நேரம் முன்பே மிசோப்ரோஸ்டால் 400 மைக்ரோகிராம் கொடுத்து மென்மையாக்கிக்கொள்ளலாம். முழு மயக்கம் வேண்டாம் என்றால் கர்ப்பப்பை வாயைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை, 1 சதவீதக் கரைசலாக 10 முதல் 20 மி.லி. போடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே மருந்தை ஏற்ற வேண்டும்; நேராக ரத்தக் குழாயில் போனால் வலிப்புகூட வரலாம்.

கியூரட்டை உள்ளே விடும்போது அழுத்தக் கூடாது. மேல்சுவரைத் தொட்டதும், வெளியே இழுக்கும்போது மட்டுமே சுவரோடு அழுத்தி இழுக்க வேண்டும். முன்சுவர், பின்சுவர், இரண்டு பக்கம், கடைசியில் மேல்பகுதி. மொத்தமும் பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. கையில் ஒரு சொரசொரப்பு தட்டுப்படும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அந்த 'நிறுத்தும் இடம்' ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எண்டோமெட்ரியம் எனப்படும் உள்படலத்துக்கு இரண்டு அடுக்கு உண்டு. மேல் அடுக்கு மாதாமாதம் உதிர்வது. அடி அடுக்கிலிருந்துதான் புதியது முளைக்கும். கத்தி மாதிரியான கியூரட் அந்த அடி அடுக்கையும் வழித்தெடுத்துவிட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் குறையும் அல்லது அடியோடு நின்றுபோகும், குழந்தை தங்காது. 1894-இலேயே ஹைன்ரிக் ஃப்ரிட்ச் இப்படி ஒருவரைப் பதிவு செய்தார். 1948-இல் ஜோசஃப் ஆஷர்மன் 29 பெண்களை வைத்து விரிவாக எழுதிய பிறகு அது 'ஆஷர்மன் சிண்ட்ரோம்' ஆயிற்று. கர்ப்பமோ பிரசவமோ முடிந்த கையோடு சுரண்டும்போதுதான் இது அதிகம் நேர்கிறது. காரணம், அப்போது சுவர் மெத்தென்று இருக்கும். கியூரட் எவ்வளவு ஆழம் போகிறது என்று கைக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் சுரண்டினால் ஆபத்தும் ஏறிக்கொண்டே போகும்.

டி அண்ட் சி கண்ணால் பார்க்காமல், கை உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை. கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சற்று முன்னால் டி அண்ட் சி செய்து, எடுத்த கர்ப்பப்பையைத் திறந்து பார்த்த ஓர் ஆய்வு 1975-இல் வெளியானது. பத்தில் ஆறு பேருக்கு உள்படலத்தில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை. மூலையில் ஒரு பாலிப் (உள்படலத்திலிருந்து வளர்ந்த சதைத் துணுக்கு) தொங்கிக்கொண்டிருந்தால் கியூரட் அதை வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் இன்று மாதிரி எடுக்க மட்டும் என்றால் முதலில் 'பைபெல்' போதும்: 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் குழல், புறநோயாளிப் பிரிவிலேயே, மயக்கமில்லாமல், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஸ்கேனில் பாலிப் சந்தேகம் இருந்தால் ஹிஸ்டிரோஸ்கோப்பி, அதாவது கேமரா விட்டுப் பார்த்தபடியே குறிப்பிட்ட இடத்தில் எடுப்பது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டவர்களுக்கு, உள்வழி ஸ்கேனில் உள்படலம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சதைப் பரிசோதனை அவசியம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கருச்சிதைவு மிச்சம் என்றால் கதை வேறு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஆர்.பி.ஓ.சி.' என்று போட்டிருப்பது இதைத்தான்: கருவின் பகுதிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. இங்கே மூன்று வழி உண்டு. ரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்து, காய்ச்சல் இல்லையென்றால் தானாக வெளியேறக் காத்திருக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை எடுக்கலாம். அல்லது உறிஞ்சி எடுக்கலாம். உறிஞ்சும் முறைக்குக் கூரான கியூரட் தேவையில்லை. 60 மி.லி. கை சிரிஞ்சில் வெற்றிடம் உண்டாக்கி, வளையும் பிளாஸ்டிக் குழாய் வழியாக எடுப்பதுதான் எம்.வி.ஏ. குழாயின் விட்டம் ஏறத்தாழ கர்ப்ப வாரத்துக்குச் சமம்: எட்டு வாரம் என்றால் 8 மி.மீ. ஒட்டி. உலக சுகாதார நிறுவனம் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே, கூரான கியூரட்டால் சுரண்டுவது காலாவதியான முறை, அதற்குப் பதில் உறிஞ்சும் முறைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் உறிஞ்சி முடித்த கையோடு 'எதற்கும் ஒரு செக்' என்று கியூரட்டை விடும் பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. தேவையில்லாத சுரண்டல் அது. எல்லாம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேறு அடையாளங்கள் இருக்கின்றன: குழாயில் சதை வருவது நின்று இளஞ்சிவப்பு நுரை வரும், சுவர் சொரசொரக்கும், கர்ப்பப்பை குழாயை இறுக்கிப் பிடிக்கும்.

அதைவிட நம்பகமானது எடுத்ததைப் பார்ப்பது. வடிகட்டி, ரத்தத்தை அலசிவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அடியிலிருந்து வெளிச்சம் காட்ட வேண்டும். நஞ்சுக்கொடித் திசு வெண்மையாக, மெல்லிய இழை இழையாகப் பிரிந்து மிதக்கும். உள்படலத் துணுக்குகளில் அந்த இழை இருக்காது. கிண்ணத்தில் இழையே தென்படவில்லை என்றால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருமுட்டைக் குழாயில் தங்கியிருக்கிறதா என்பது. அந்த இரண்டு நிமிஷப் பார்வை உயிரைக் காப்பாற்றும். திராட்சைக் கொத்தாகக் குமிழ்கள் வந்தால் முத்துப்பிள்ளை கர்ப்பம், அதாவது நஞ்சுக்கொடித் திசு குமிழ் குமிழாக வளர்ந்த கோளாறு; அவர்களுக்குப் பின்னால் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து எடுத்து, அளவு முழுக்க இறங்கியதை உறுதி செய்தாக வேண்டும்.

மாதிரி எடுத்த பிறகு தப்பு நடக்கும் இடம் பாட்டில். நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். ஆனால் குழந்தையின்மைக்காகக் கர்ப்பப்பைக் காசநோயைத் தேடுவதாக இருந்தால் ஒரு பகுதியைச் சாதாரண சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும்; கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது, 'நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் வரும், நோய் அப்படியே இருக்கும். நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அந்தச் சோதனைக்கு மாதவிடாய் வருவதற்குச் சற்று முந்தைய நாட்களில் எடுப்பதே நல்லது. புற்றுநோய்ச் சந்தேகத்தில் 'ஃப்ராக்ஷனல் கியூரட்டேஜ்' என்று எழுதியிருந்தால், வாய்ப் பகுதிச் சதையை முதலில் சுரண்டித் தனிப் பாட்டிலில், உள்பகுதிச் சதையை இன்னொரு பாட்டிலில் போட வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் நோய் எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியாது.

இனி, தேவையில்லாத இடங்கள். அதிக ரத்தப்போக்குக்கு டி அண்ட் சி சிகிச்சை ஆகாது. சுரண்டிய படலம் திரும்ப வளரும். பெரும்பாலும் ஒரு மாதம் குறைந்தாற்போல இருந்துவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடும். போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட், ஹார்மோன் மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள கருத்தடைச் சாதனம் என்று நல்ல வழிகள் இருக்கின்றன. அதேபோல, 'ஒரு தடவை கழுவிட்டா கரு தங்கும்' என்ற நம்பிக்கை. இதற்கு ஆதாரம் இல்லை. குழந்தைக்காக ஏங்கும் பெண்ணின் உள்படலத்தைக் காரணமில்லாமல் சுரண்டுவது அந்த வாய்ப்பையே கெடுக்கக்கூடும் என்பதால், இதை மட்டும் கொஞ்சம் குரல் உயர்த்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடலாம். கருக்கலைப்புக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கருச்சிதைவு மிச்சத்தை எடுப்பதோ சதைப் பரிசோதனையோ கருக்கலைப்பே ஆகாது.

முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு லேசான ரத்தக்கசிவு ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம். அடுத்த மாதவிடாய் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் வரும். வராமல் போனால் பேசாமல் இருந்துவிட வேண்டாம். கர்ப்பமும் இல்லை என்றால் மேலே சொன்ன ஒட்டுதலை நினைக்க வேண்டும். கரு எடுக்கப்பட்டவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே கருமுட்டை வெளிவரலாம், ஆகவே உடனே கர்ப்பம் வேண்டாம் என்பவர்களுக்குக் கருத்தடை அன்றிலிருந்தே தேவை. ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக் குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போட வேண்டுமென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பேடு முழுக்க நனைந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, நாற்றமுள்ள நீர் வந்தாலோ, வயிற்று வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, மறுநாள்வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்காமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம். ரத்தம் நின்றுவிட்டது, இனி எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். போய் வாங்குங்கள். 'ப்ரோலிஃபரேட்டிவ்', 'செக்ரெடரி' என்று இருந்தால் மாதச் சுழற்சியின் இயல்பான கட்டங்கள். 'ஹைப்பர்பிளேசியா' என்றால் படலம் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது. அட்டிபியா, அதாவது செல்களின் தோற்றம் இயல்பு மாறியிருப்பது, இல்லாதது என்றால் பெரும்பாலும் ஹார்மோன் மருந்திலேயே சரியாகும். 'அட்டிபியா' உடன் என்று இருந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை, சில சமயம் புற்றுநோயே பக்கத்தில் ஒளிந்திருக்கும். அந்தத் தாளோடு அதே வாரம் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 'மாதிரி போதவில்லை' என்று வந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேனில் படலம் மெலிந்திருந்து ரத்தமும் திரும்ப வரவில்லை என்றால் கவனித்துக்கொண்டிருக்கலாம். படலம் தடித்திருந்தாலோ ரத்தம் மறுபடி பட்டாலோ, இந்த முறை ஹிஸ்டிரோஸ்கோப்பியில் பார்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.